பழைய கார் பாகங்கள்: ரீமேனுஃபாக்சர் செய்ததா, எண் திருத்தி அடித்ததா?

'நம்பர் பொருந்திய ஒரிஜினல்', அதாவது காரோடு ஆலையிலேயே வந்தவை, என்று விற்கப்படும் பழைய கார் பாகங்கள் பெட்டியைத் திறந்ததும் ஒன்றுபோலவே தெரியும். கழுவி, சாண்ட் பிளாஸ்ட் செய்து, பெயின்ட் அடித்து, எண்ணெய்த் தாளில் சுற்றி வந்திருக்கும். அதற்குள் மூன்று இனம் உண்டு. ஒன்று, புதுப்பித்த நிறுவனம் தன் முத்திரையையே போட்டு அனுப்பியது. இரண்டாவது, இயந்திர வேலையில் பழைய எண் அழிந்துபோக, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டது. மூன்றாவது, பழைய எண்ணை வேண்டுமென்றே சீவி, விலை அதிகமான வேறொரு எண்ணைப் பஞ்ச் அடித்தது. முதல் இரண்டும் நேர்மையான சரக்கு. மூன்றாவது திருட்டு. என்ஜின் பிளாக், கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றில் இந்த மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது, எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதே இந்த மதிப்பீடு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரீமேனுஃபாக்சர் செய்த, அதாவது பிரித்துத் திருத்தி மறுபடி கட்டிய, பாகம் தரம் குறைந்ததல்ல. சிலிண்டரை 0.030 அங்குலம் பெரிதாக்கி போரிங் செய்து, கிராங்கைத் தேய்த்து, வால்வு சீட்டுகளை மாற்றி ஒழுங்காகக் கட்டிய என்ஜின், 50 வருடம் கிடங்கில் கிடந்த 'தொடாத' என்ஜினைவிட ஓட்டுவதற்கு எவ்வளவோ மேல். அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் வழிகாட்டு நெறிகள் கேட்பதும் இதைத்தான்: பயன்படுத்திய பாகத்தைப் புதியது என்று காட்டக்கூடாது; ரீபில்ட் என்று சொன்னால் பிரித்து, சுத்தம் செய்து, தேய்ந்ததையும் பழுதானதையும் மாற்றிக் கட்டியிருக்க வேண்டும். பாகம் மறுபடி கட்டப்பட்டது என்ற உண்மையை மறைக்கும்போதுதான் குற்றம் தொடங்குகிறது.

தன் பெயரைச் சொல்லும் சரக்கு

கார் கம்பெனிகளே புதுப்பித்துக் கொடுத்த பாகங்கள் தங்களை வெளிப்படையாக அறிவித்துக்கொள்ளும். போர்ஷே மாற்று என்ஜின்களில் எண்ணோடு 'ஏ.டி.' என்ற எழுத்துகள் இருக்கும். ஜெர்மன் மொழியில் மாற்றுப் பாகம் என்ற சொல்லின் சுருக்கம் அது. ஃபோக்ஸ்வேகன் ஆலையில் புதுப்பித்த என்ஜின்களில் எண்ணோடு 'எக்ஸ்' குறி விழுந்திருக்கும். பிரிட்டிஷ் கார் கம்பெனியான பி.எம்.சி.யின் 'கோல்டு சீல்' என்ஜின்கள் பொன்னிறப் பெயின்டிலேயே வந்தன. செவர்லே உத்தரவாதத்தின் பேரில் கொடுத்த மாற்று என்ஜின்களில், 1968-க்குப் பிறகு, எண் அடிக்கும் தட்டையான இடமான பேடில் 'சி.இ.' என்று தொடங்கும் குறியைக் காணலாம். பாஷ் மாற்றுப் பாகங்களுக்கு 0 986 என்று தொடங்கும் எண் வரிசை உண்டு. மெர்சிடிஸில் பாக எண்ணின் கடைசியில் 80 சேர்ந்திருக்கும்.

ஓட்டுவதற்காகக் கார் வைத்திருப்பவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இந்த வகைதான். எங்கே, எந்த அளவுக்குத் திருத்தப்பட்டது என்பதற்குப் பதிவு இருக்கும், முத்திரையும் பொய் சொல்லாது. சேகரிப்பாளர் சந்தையில் இதற்கு மதிப்புக் குறைவு என்பது உண்மை. அந்த விலை வித்தியாசமே மோசடிக்கு விதை. 'சி.இ.' பிளாக்கின் பேடைச் சீவி, அரிய கார் ஒன்றின் எண்ணை அதில் அடித்துவிட்டால் அதே இரும்புக்குப் பல மடங்கு விலை. ஆகவே 'சி.இ.' குறி அப்படியே இருக்கும் பிளாக் ஒன்று கண்ணில் பட்டால் அதை மதித்து வாங்கலாம். அது தன் வரலாற்றை ஒளிக்காமல் வைத்திருக்கிறது.

தனியார் பட்டறைகளில் நல்லவை பழைய எண்ணைத் தொடாமல் வேறோர் இடத்தில் தங்கள் குறியைப் போடும், அல்லது தனித் தகடு மாட்டும். போரிங் அளவு, மாற்றிய பாகங்களின் பட்டியல், சோதனை அளவுகள் மூன்றும் ரசீதோடு வரும். பெரிய அளவில் புதுப்பிக்கும் சில நிறுவனங்கள், தங்கள் கிடங்கு வசதிக்காகப் பழைய எண்ணைச் சீவித் தங்கள் சரக்கு எண்ணை அடித்துவிடுகின்றன. ஒரு வரலாற்றுத் தடயம் நிரந்தரமாகப் போய்விடுகிறதே என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு, ஆனாலும் அது மோசடி ஆகாது. அந்த எண் எந்தக் காருக்கும் உரிமை கொண்டாடுவதில்லை.

எதன்மேல் எது விழுந்தது

லென்ஸை எடுப்பதற்கு முன் மனதில் பதிய வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மேற்பரப்பில் எது முதலில் நடந்தது, எது அதன்மேல் நடந்தது? எண்ணை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். நிகழ்ச்சிகளின் வரிசையை மாற்றுவது மிகக் கடினம்.

துருவை எடுத்துக்கொள்ளுங்கள். எண் அடித்த பிறகு துரு பிடித்திருந்தால், துருக்குழி எண்ணின் ஓரத்தைக் கடித்திருக்கும். கோடு அங்கங்கே அரித்து உடைந்திருக்கும். துருக்குழி ஏற்கெனவே இருந்து அதன்மேல் பஞ்ச் விழுந்திருந்தால், எண்ணின் கோடு குழிக்குள் சரிந்து இறங்கி மறுபுறம் ஏறும், ஓரம் கூர்மையாகவே இருக்கும். ரசாயனம் தடவி வரவழைத்த துரு, எண்ணுக்குள்ளும் வெளியிலும் ஒரே ஆரஞ்சு நிறத்தில், குழியே இல்லாமல் தூள்போல் படிந்திருக்கும். பல வருடத் துரு கரும்பழுப்பு, திட்டுத் திட்டானது.

சாண்ட் பிளாஸ்ட் செய்த அலுமினியத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆல்டர்னேட்டரின் முன்மூடியில் உள்ள எண்ணை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். எண் பழையது, பிளாஸ்ட் பிறகு நடந்தது என்றால், எண்ணின் பள்ளத்துக்குள்ளும் மணல் குத்திய சொரசொரப்பு (மணற்பொரி) இருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும். பிளாஸ்ட் செய்த பிறகு எண் அடித்திருந்தால், சுற்றிலும் சொரசொரப்பு, பள்ளத்தின் அடியில் மட்டும் வழவழப்பு. ஓரத்தில் விரல் நகத்தில் மாட்டும் பிசிறும் நிற்கும். இரண்டாவதைப் பார்த்தால், விற்பவர் என்ன கதை சொன்னாலும், அந்த எண் ஆலையில் அடித்ததல்ல.

என்ஜின் பிளாக்: மோசடி அதிகம் நடக்கும் இடம்

பிளாக்கில் இரண்டு வகை எண் இருக்கும். வார்ப்பிலேயே புடைத்து நிற்பது வார்ப்பு எண்ணும் வார்ப்புத் தேதியும். பிறகு பஞ்ச் அடித்துப் பள்ளமாக இருப்பது அசெம்பிளி எண்ணும், காரின் அடையாள எண்ணிலிருந்து எடுத்த சுருக்க எண்ணும். செவர்லே வி8 பிளாக்கை உதாரணமாக எடுத்துக்கொண்டால் மற்றவற்றுக்கும் வழி புரியும்.

வார்ப்பு எண் மட்டும் எதையும் நிரூபிக்காது. 3970010 என்ற வார்ப்பு எண் 1969-இல் வந்து, 1970-களின் பிற்பகுதி வரை ஓடியது. மெயின் பேரிங் மூடிக்கு இரண்டு போல்ட் வைத்ததும், நான்கு போல்ட் வைத்ததும் அதே எண்ணில் உண்டு. வார்ப்புத் தேதியில் மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும். 'சி 14 9' என்றால் மார்ச் 14, வருடம் 9-இல் முடிவது. அது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். ஃபோர்டு வார்ப்பில் வரிசை வேறு: வருட இலக்கம் முதலில், பிறகு மாத எழுத்து, பிறகு நாள்; அங்கே 'ஐ' எழுத்தைத் தாண்டிவிடுவார்கள். செவர்லே அட்டவணையை வைத்து ஃபோர்டைப் படித்தால் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஒரு மாதம் பிசகும்.

முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பேடில் அசெம்பிளி எண். ஆலைக்கு ஓர் எழுத்து (ஃப்ளின்ட்டுக்கு 'வி', டோனவாண்டாவுக்கு 'டி'), மாதமும் நாளுமாக நான்கு இலக்கம், கடைசியில் எந்த என்ஜின் என்று சொல்லும் எழுத்துகள். 1969 வரை இரண்டு, 1970 முதல் மூன்று. வருடம் அதில் கிடையாது. வருடத்தைச் சொல்வது காரின் சுருக்க எண். 1968 முதல் அது பேடிலோ எண்ணெய் ஃபில்டர் அருகிலோ இருக்கும், கியர்பாக்ஸிலும் இருக்கும். 1969 செவர்லே என்றால் 1, 9, ஆலை எழுத்து, ஆறு இலக்க வரிசை எண்.

தேதிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். வார்ப்பு முதலில், அசெம்பிளி பிறகு, கார் கட்டியது கடைசியில். இடைவெளி சில நாள் முதல் சில வாரம் வரை சாதாரணம். மாதக்கணக்கில் போனால் காரணம் கேட்க வேண்டும். வார்ப்பு மார்ச் 14, அசெம்பிளி மார்ச் 10 என்றிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. வார்ப்பதற்கு முன் என்ஜினைக் கட்ட முடியாது. பேடில் வேண்டிய தேதியை அடிப்பது சுலபம், பின்பக்கம் புடைத்து நிற்கும் வார்ப்புத் தேதியை மாற்றுவது கஷ்டம் என்பதால் பல போலிகள் இங்கேயே மாட்டுகின்றன. மாற்றத் துணிந்தவர்கள் ஓர் இலக்கத்தைச் சீவி, வெல்டிங்கிலோ எபாக்ஸியிலோ வேறொன்றை எழுப்பியிருப்பார்கள். அந்த இலக்கத்தைச் சுற்றி மட்டும் வார்ப்பு மணலின் சொரசொரப்பு இல்லாமல் மழமழவென்று இருக்கும். எபாக்ஸி என்றால் சிறு காந்தம் ஒட்டாது.

இனி பேடின் முகம். ஆலையில் ப்ரோச் என்ற பல்வரிசை வெட்டுக்கருவி பிளாக்கின் மேல்முகத்தை ஒரே இழுப்பில் சீவும். அதனால் பேடின்மேல் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் விழும். அவற்றின்மேல்தான் எண் அடிக்கப்படும். எனவே உண்மையான பேடில் அந்தக் கோடுகள் எண்ணின் ஓரம் வரை நேராக வந்து, பஞ்ச் தள்ளிய உலோகத்தில் சற்றே வளைந்து நிற்கும். பட்டறையின் சுழலும் கட்டரில் ஃபேசிங் செய்த, அதாவது சீவி மட்டப்படுத்திய, முகத்தில் நேர்கோட்டுக்குப் பதில் வில்போன்ற வளைகோடுகள் இருக்கும். வளைகோட்டின்மேல் 'ஒரிஜினல்' எண் இருந்தால் அது பின்னால் அடித்ததுதான். எமரி பேப்பரை ஒரே திசையில் இழுத்து ப்ரோச் கோட்டைப் போலிசெய்வார்கள். அப்படிச் செய்த கோடுகள் ஆழத்தில் சீராக இருக்காது, பேடின் விளிம்பில் வழிந்து ஓரத்தை உருட்டிவிடும். எண் அடித்த பிறகு தேய்த்திருந்தால் கோடு எண்ணின் பள்ளத்து விளிம்பில் நேராக வெட்டுப்பட்டு, பஞ்ச் தள்ளிய மேடே இல்லாமல் தட்டையாக இருக்கும்.

பேடின் மட்டத்தை அளக்காமல் யாரும் முடிவுக்கு வரக்கூடாது. பேடும் ஹெட் உட்காரும் முகமும் ஆலையில் ஒரே மட்டம். ஹெட் கழற்றியிருந்தால், ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர்ச்சட்டம்) முகத்தில் வைத்து பேடின்மேல் நீட்டி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். பேடு தாழ்ந்திருந்தால் அதை மட்டும் யாரோ சீவியிருக்கிறார்கள். பேடு உயர்ந்திருந்தால் நல்ல செய்தி: எண்ணைக் காப்பாற்றுவதற்காகக் கட்டரை பேடுக்கு முன்னாலேயே நிறுத்திய நேர்மையான பட்டறை அது. ஹெட் மாட்டியே இருந்தால் ஹெட்டுக்கும் பேடுக்கும் இடையிலான சந்தின் அளவையும், அதே பக்கத்தில் வேறோர் ஓரத்தில் உள்ள சந்தின் அளவையும் அளந்து ஒப்பிடுங்கள். ஆலையின் மெல்லிய ஸ்டீல் கேஸ்கெட் என்றால் சுமார் அரை மில்லிமீட்டர், பின்னாளைய கலவைக் கேஸ்கெட் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பேடு பக்கம் மட்டும் சந்து பெரிதாக இருந்தால் காரணம் ஒன்றுதான்.

முகம் முழுவதையும் சீவி எண் அடித்திருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது. அப்போது கிராங்க் மையத்திலிருந்து முகம் வரை உள்ள உயரத்தை அளக்க வேண்டும். செவர்லே ஸ்மால் பிளாக்குக்கு 9.025 அங்குலம், பிக் பிளாக்குக்கு 9.800. 0.010 அங்குலம் குறைந்திருந்தால் முகம் ஃபேசிங் ஆகியிருக்கிறது என்று கொள்ளலாம். ஃபேசிங் தவறல்ல, ஃபேசிங் ஆன பிளாக்கில் கூர்மையான ஆலை எண் இருப்பதுதான் பொருந்தாது.

எழுத்து வடிவத்தில் புதியவர்கள் தவறிழைக்கும் இடம் ஒன்று உண்டு. அசெம்பிளி எண்ணும் கார் சுருக்க எண்ணும் ஒரே மாதிரி இல்லை என்று சந்தேகப்படுவார்கள். உண்மையில் அவை ஒத்துப்போகக்கூடாது. முதலாவது என்ஜின் ஆலையில், இரண்டாவது கார் ஆலையில், வேறு கருவியால், வேறு கையால் விழுந்தது. ஆழமும் சாய்வும் மாறுபட்டிருப்பது இயல்பு. இரண்டும் ஒரே ஆழம், ஒரே சாய்வு, ஒரே வடிவ 3, ஒரே வால் 9 என்றிருந்தால் ஒரே ஆள் ஒரே உட்காரலில் அடித்திருக்கிறார். அதே காரின் கியர்பாக்ஸில் உள்ள சுருக்க எண்ணோடு என்ஜினின் சுருக்க எண்ணை ஒப்பிடுவதே சரியான ஒப்பீடு. அவை இரண்டும் கார் ஆலையில் விழுந்தவை.

கடைசியாக, எண் மாற்றுபவர் தோலை மட்டுமே மாற்றுகிறார். வேகமான என்ஜினின் எழுத்துகளை அடித்திருப்பார், எண்ணெய்த் தட்டைக் கழற்றினால் உள்ளே நான்கு போல்ட் மூடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு போல்ட் மூடி இருக்கும். தட்டைக் கழற்ற விடமாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

கார்புரேட்டர்

ரோசெஸ்டர் குவாட்ராஜெட்டில் மெயின் பாடியின் இடது பின்பக்கம் செங்குத்தான மேடு ஒன்றில் எண் இருக்கும். 7029 என்று தொடங்கினால் 1969, 7040 என்றால் 1970. கடைசி இலக்கம் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்குக்கு இரட்டைப்படை, கையால் மாற்றும் கியருக்கு ஒற்றைப்படை. எண்ணைத் திருத்துபவர்களின் கை முதலில் போகும் இடமும் அந்தக் கடைசி இலக்கம்தான். தேதி நான்கு இலக்கம்: முதல் மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள், நான்காவது வருடம். 0459 என்றால் 1969-இன் 45-ஆவது நாள், பிப்ரவரி 14. முதல் மூன்று இலக்கம் 366-ஐத் தாண்டினால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. அந்த மேட்டின் முகத்தில் அரத்தின் கோடு இருக்கிறதா, அதே மாடலின் வேறொரு பாடியோடு ஒப்பிட்டால் மேடு மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோலி நிறுவனக் கார்புரேட்டரில் 'லிஸ்ட்' எனப்படும் மாடல் எண் மேலே சோக் பகுதியில் இருக்கும். 1970-களின் தொடக்கம் வரை தேதி மூன்று இலக்கம்: வருடம், மாதம், மாதத்தின் வாரம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு 'ஏ', டிசம்பருக்கு 'பி'. ஃபோர்டு கார்புரேட்டர்களில் திருகில் மாட்டிய சிறு தகட்டை மட்டும் நம்பவே வேண்டாம். புதிய தகடு விரும்பிய எண்ணில் கிடைக்கிறது.

ரீமேனுஃபாக்சர் செய்த கார்புரேட்டரில் எங்கள் குறை வேறு. பல பழையவற்றை ஒன்றாகக் கழற்றி, ஒன்றின் பாடியில் இன்னொன்றின் மேல்மூடி, மூன்றாவதின் த்ராட்டில் தட்டு என்று கலந்து கட்டிவிடுகிறார்கள். பாடியின் எண் உண்மையாகவே இருக்கும், உள்ளே ஜெட்டும் மீட்டரிங் ராடும் வேறு என்ஜினுக்குரியவை. அறிகுறி: ஐடிலில் நன்றாக இருந்து பாதி த்ராட்டிலில் தடுமாறும். வாங்கியதும் மேல்மூடியைக் கழற்றி ஜெட்டில் பொறித்த எண்ணை சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். த்ராட்டில் ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் இருந்தால் புஷ் போடாமலேயே பளபளப்பு ஏற்றியிருக்கிறார்கள், அந்தத் துளை வழியாகக் காற்று புகுந்து ஐடில் ஒருபோதும் சீராக நிற்காது. குவாட்ராஜெட் என்றால் பெட்ரோல் நிரப்பி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் பவுல் காலியாகி அடி ஈரமாக இருந்தால் அடித்தட்டுப் பிளக் ஒழுகுகிறது.

ஆல்டர்னேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும்

டெல்கோ ஆல்டர்னேட்டரில் எண்ணும் ஆம்பியரும் தேதியும் முன்மூடியில் மட்டுமே. புதுப்பிப்பவர்கள் முன்மூடியையும் பின்மூடியையும் கலந்து மாட்டுவது சகஜம், அது வேலையைக் கெடுக்காது. மணற்பொரி சோதனை இங்கே போதும். மூடியில் 61 ஆம்பியர் என்று இருந்து உள்ளே மின்சாரம் உண்டாகும் சுருளான ஸ்டேட்டர் சிறிதாக இருந்தால் லோடு டெஸ்டரே சொல்லிவிடும்.

டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டரில் எண் இருப்பது உடலைச் சுற்றிய மெல்லிய அலுமினியப் பட்டையில். அந்தப் பட்டையும் புதிதாகக் கிடைக்கும் என்பதால் அதற்கு நாங்கள் எந்த மதிப்பும் கொடுப்பதில்லை. கேமில், வேக்குவம் டப்பாவில் உள்ள எண்களைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் டெஸ்டரில் ஏற்றி, எத்தனை சுழற்சியில் தீப்பொறி எத்தனை டிகிரி முன்கூட்டி (அட்வான்ஸ்) வருகிறது என்று எழுதி, பட்டை சொல்லும் மாடலின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எண் அடிப்பவர்கள் ஸ்பிரிங்கையும் எடையையும் பொருத்தமாக மாற்ற மெனக்கெடுவது அரிது.

'ஆலை முறைப்படி திரும்ப அடித்தது'

இன்னொரு வகை சேவை இருக்கிறது: அழிந்த எண்ணை அன்றைய எழுத்து வடிவிலேயே திரும்ப அடித்துத் தருகிறோம் என்பது. தன் சொந்தக் காரின் சொந்த பிளாக்குக்கு, பழைய எண்ணின் புகைப்படத்தோடு, ரசீதில் எழுதிக்கொண்டு செய்தால் அதை மறுஉருவாக்கம் என்று ஏற்கலாம். சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முதலில் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது கட்டாயம். ஆனால் அந்த ரசீது அடுத்த உரிமையாளரிடம் போய்ச் சேராவிட்டால் அதே பிளாக் அடுத்த விற்பனையிலேயே போலியாகிவிடுகிறது. ஆகவே இந்தச் சேவையை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. வெறுமையான பேடு எவ்வளவோ மேல்.

பார்க்கும் முறை

எடுத்துச் செல்ல வேண்டியவை: 10 மடங்கு லென்ஸ், மெல்லிய டார்ச், ஃபீலர் கேஜ், ஆறு அங்குல ஸ்ட்ரெய்ட் எட்ஜ், சிறு காந்தம், அசிட்டோன், பருத்தித் துணி. பெயின்ட் இருந்தால் அசிட்டோனிலோ பெயின்ட் ரிமூவரிலோ ஊறவைத்துத் துடையுங்கள். ஒயர் பிரஷ் படவே கூடாது; ப்ரோச் கோடு உங்கள் கையாலேயே அழிந்துவிடும், பிறகு எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. டார்ச்சை நேராக அடிக்காமல் பேடோடு ஒட்டிப் படுக்கவைத்து, முதலில் இடமிருந்து, பிறகு முன்பக்கமிருந்து அடியுங்கள். கோட்டுக்குக் குறுக்கே வரும் வெளிச்சத்தில்தான் கோடு எழும். இரண்டு திசையிலும் படம் எடுத்து வையுங்கள்.

பெரிய தொகைக்கு வாங்கும்போது இதோடு நிறுத்த வேண்டாம். பஞ்ச் விழுந்த இடத்துக்குக் கீழே உலோகம் நசுங்கியிருப்பதால், மேல் எண்ணைச் சீவினாலும் அடியில் தடம் மிஞ்சலாம். தடயவியல் கூடங்களில் காந்தத்துகள் முறையாலும் அமிலம் தடவியும் அதை வெளிக்கொணர்கிறார்கள். ஆழமாகச் சீவியிருந்தால் கிடைக்காது, அமிலத்தை வீட்டில் முயலவும் வேண்டாம்.

தொலைவிலிருந்து வாங்கினால், அசிட்டோனில் துடைத்த பேடு, இரண்டு திசை வெளிச்சம், பக்கத்தில் ஓர் அளவுகோல், பின்பக்க வார்ப்புத் தேதி, கியர்பாக்ஸ் எண் ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். ரசீதில் 'எண்கள் ஆலையில் அடிக்கப்பட்டவை, பின்னர் திருத்தப்படவில்லை. மாறாகத் தெரிந்தால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்' என்ற வரியைக் கையெழுத்தோடு வாங்குங்கள். ரீமேனுஃபாக்சர் செய்ததை ரீமேனுஃபாக்சர் என்றே விற்பவர் அந்த வரிக்குப் பதில், எதைச் சீவினோம், எவ்வளவு சீவினோம் என்று தானே எழுதித் தருவார். அந்தத் தாளை பாகத்தோடு சேர்த்தே வைத்திருங்கள்; காரை விற்கும்போது அதுவும் கூடவே போக வேண்டும்.